பழைய தொலைக்காட்சிக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி



2006ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. தொலைக்காட்சி இல்லாத குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை அரசு இலவசமாக வழங்கிற்று. 2011ஆம் ஆண்டில் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளைச் சென்றடைந்தன. திருவண்ணாமலையிலும், அதைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், கலசபாக்கம் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பல குடும்பங்கள் முதன்முதலாகத் தம் வீட்டிலேயே படம் பார்த்தது அந்தப் பெட்டியில்தான்.

பின்னர் தட்டைத் திரைகள் வந்தன. பழைய பெட்டிகள் பரணுக்கு ஏறின. சில, பழைய இரும்புக் கடைக்குப் போயின. பரணில் இருப்பவற்றுள் பல இன்றும் நன்றாக இயங்கக் கூடியவை. அப்படிப்பட்ட ஒன்றை மரப்பெட்டிக்குள் அமர்த்தி, முன்னால் பொத்தான்களும் கைப்பிடியும் வைத்து, நின்றுகொண்டு ஆடும் மின்னணு விளையாட்டுப் பெட்டியாக மாற்ற முடியுமா? பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பொருள் தேடும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முடியும். நல்ல இயற்பியல் பாடமாகவும் அது அமையும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொலைக்காட்சியின் பின்மூடியில் உள்ள ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. பெட்டி செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்த மூடிக்கு வெளியிலேயே இருக்கிறது. ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் பெட்டியும் இப்படித்தான்

ஆர்கேடு என்று உலகம் அழைக்கும் இவ்விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றில் 1972ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு அமெரிக்காவில் அட்டாரி என்னும் சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளர், 'பாங்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். திரையில் இரண்டு கோடுகள். அவற்றுக்கு இடையே துள்ளும் ஒரு புள்ளி. மேசைப் பந்தாட்டத்தின் மின்னணு வடிவம் அது. அதற்கான திரையை அவர் தனியாகச் செய்யவில்லை. ஏறத்தாழ 75 டாலர் விலையில் கடையில் விற்ற ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்தார். கலிபோர்னியாவில் சன்னிவேல் என்னும் ஊரின் மதுக்கடை ஒன்றில் பெட்டியை நிறுத்தினார்கள். சில நாட்களில் பெட்டி வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. போய்த் திறந்து பார்த்தால் மின்சுற்றில் ஒரு குறையும் இல்லை. காசு விழும் ஏனம் நிரம்பி வழிந்ததுதான் கோளாறு!

ஆகவே, வீட்டுத் தொலைக்காட்சியை மரப்பெட்டிக்குள் அமர்த்தும் எண்ணம் இத்துறை தோன்றிய நாளிலிருந்தே இருப்பது. பின்னால் வந்த தொழிற்சாலைப் பெட்டிகளில் படக்குழாயை உறையின்றி, அதன் நான்கு மூலைக் காதுகளில் போல்ட்டுப் போட்டுச் சட்டத்தில் பூட்டினார்கள். மின்னோட்டத்தைப் பிரித்துத் தரும் தனிமைப்படுத்தும் மின்மாற்றியையும் பல பெட்டிகளில் சேர்த்தார்கள். பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் செய்த வேலை அது. படங்களில் அதைப் பார்த்துவிட்டு நாமும் உறையைக் கழற்ற முனைவது தவறு.

குழாய்க்குள் நடப்பது என்ன?

தொலைக்காட்சியின் உயிர் அதன் படக்குழாய். எதிர்மின்வாய்க் கதிர்க் குழாய் என்று பாடநூல் சொல்வது இதையே. ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்டு பிரவுன் 1897இல் இதன் மூல வடிவத்தை அமைத்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் இதுபோன்ற குழாயைக் கொண்டு எலக்ட்ரானைக் கண்டறிந்தார்.

குழாயின் கழுத்தில் சூடேறிய உலோக முனையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. திரைப்பக்கம் இருக்கும் ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தம் அவற்றை இழுக்கிறது. திரையை அடையும்போது அவற்றின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் இது கால் பங்குக்கும் சற்று மேல். திரையின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளில் அவை மோதும்போது வெளிச்சம் பிறக்கிறது.

கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தால் இக்கற்றையை இடம் வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வளைக்கின்றன. இந்தியா பின்பற்றிய முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள். விநாடிக்கு 15,625 வரிகள்! 14 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 28 செ.மீ. கண்ணுக்குத் தெரியும் வரியை வரைய 52 மைக்ரோ விநாடி ஆகிறது. அப்படியானால் ஒளிப்புள்ளி திரையில் விநாடிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை அந்தப் புள்ளி மூன்று விநாடிக்குள் சுற்றி முடித்துவிடும்.

பின்மூடியை ஏன் திறக்கலாகாது?

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் உள்ளே மின்சாரம் இருக்காதே. அப்புறம் திறந்தால் என்ன?"

நியாயமான கேள்வி. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது பொருந்தும். தொலைக்காட்சிக்குப் பொருந்தாது. அதற்குள் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் இடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, படக்குழாயே. அதன் கண்ணாடியின் உட்புறமும் வெளிப்புறமும் கரிப்பூச்சு உண்டு. இரண்டு கடத்திகள், நடுவே ஒரு காப்புப் பொருள். லெய்டன் ஜாடி என்று நீங்கள் படித்த மின்தேக்கியே இது! இதன் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 1 நானோஃபாரடு என்று கொள்வோம். 22,000 வோல்ட்டில் இதில் தேங்கும் ஆற்றல் எவ்வளவு? மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் 0.24 ஜூல் வருகிறது.

இரண்டாவது, மின்வழங்கிப் பகுதியில் உள்ள பெரிய வடிகட்டி மின்தேக்கி. 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக மாற்றும்போது அதன் உச்ச மதிப்பாகிய 325 வோல்ட் வரை இது நிறைகிறது. இதன் மின்தேக்குத்திறன் 100 மைக்ரோஃபாரடு என்று கொண்டால், தேங்கும் ஆற்றல் 5.3 ஜூல்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். 22,000 வோல்ட் என்றதும் பயந்தோம். 325 வோல்ட் என்றதும் சற்று அலட்சியம் வந்திருக்கும். ஆனால் ஆற்றல் அதில்தான் 20 மடங்குக்கு மேல் இருக்கிறது. மின்னழுத்தம் மட்டும் ஆபத்தின் அளவுகோல் அன்று. எவ்வளவு மின்னூட்டம் தேங்கியுள்ளது, உடலின் எந்த வழியாக அது பாய்கிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்னோட்டம் மார்பைக் கடந்து போகிறது. இதயம் இருப்பது அந்த வழியில்தான்.

பிளக்கைப் பிடுங்கியபின் இந்த மின்னூட்டத்தை மெல்ல வடித்துவிடப் பல பெட்டிகளில் மின்தடைகள் உண்டு. ஆனால் அந்த மின்தடை பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து அதை அறிய வழியில்லை. ஆகவே 'வடிந்திருக்கும்' என்று நம்பிக் கை வைக்கலாகாது.

மூன்றாவதாக, வெற்றிடத்தின் ஆபத்தும் உண்டு. படக்குழாய்க்குள் காற்று இல்லை. வெளியே வளிமண்டலம் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பையும் ஏறத்தாழ 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 14 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர செ.மீ. அதன்மேல் எந்நேரமும் 600 கிலோ எடைக்குச் சமமான விசை! முகப்புக் கண்ணாடி தடிமனாக இருப்பதால் அதைத் தாங்குகிறது. ஆனால் கழுத்து மெல்லியது. மின் அதிர்ச்சியில் கை உதறி, பிடித்திருந்த கருவி கழுத்தில் பட்டால் குழாய் உள்நோக்கி நொறுங்கும். சில்லுகள் மறுபக்கமாகச் சிதறும்.

இத்தனையையும் தடுத்து நிற்பது அந்தப் பிளாஸ்டிக் உறை ஒன்றுதான். அது இருக்கிறபடியே இருக்கட்டும். உள்ளே பழுது இருந்தால், படக்குழாய்ப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பழகிய தொழில்நுட்பரிடம் கொண்டு போவதே முறை.

எடை எங்கே இருக்கிறது?

இனி மர வேலைக்கு வருவோம். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும் ரீப்பர் கட்டைகளும் போதும். அகலம் 55 செ.மீ., ஆழம் 60 செ.மீ., உயரம் 150 செ.மீ. என்று ஒரு பெட்டியை எண்ணிக்கொள்வோம். தொலைக்காட்சிக்கு நடுவில் ஒரு தட்டு. அதற்குக் கீழே முன்பக்கம் நீட்டிக்கொண்டு பொத்தான் பலகை.

தட்டு அமைக்கும் முன் தொலைக்காட்சியின் ஈர்ப்பு மையத்தைக் கண்டறிய வேண்டும். தரையில் ஓர் உருளைக் கட்டையைப் போட்டு, அதன்மேல் ஒரு பலகையை வைத்து, பலகையின்மேல் தொலைக்காட்சியை வையுங்கள். இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு, ஏற்றம் இறக்கம் இல்லாமல் பலகை நிற்கும் இடத்தை மெல்ல நகர்த்திக் காணுங்கள். பலகை மட்டும் தனியாகச் சமநிலை கொள்ளும் நடுப்புள்ளி உருளைக்கு நேர் மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தொலைக்காட்சியை மட்டும் நகர்த்த வேண்டும். அப்போது உருளைக்கு நேர் மேலே வருவது தொலைக்காட்சியின் ஈர்ப்பு மையம். அது பெட்டியின் நடுவில் இருக்காது, திரைப்பக்கமாக விலகியிருக்கும். தடித்த முகப்புக் கண்ணாடியின் எடையே காரணம். தொலைக்காட்சியைத் தூக்கும்போது திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது எளிது என்பதற்கும் காரணம் அதுவே.

இது ஏன் முக்கியம்? ஒரு கணக்குப் போடுவோம். மரப்பெட்டி 25 கிலோ, தொலைக்காட்சி 10 கிலோ. மொத்தம் 35 கிலோ. பொத்தான் பலகை முன்காலைத் தாண்டி 20 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் ஆட்டத்தின் வேகத்தில் அதன் நுனியில் தொங்கிவிட்டான் என்று கொள்வோம். முன்கால் சுழலச்சாக, பெட்டியைக் கவிழ்க்கும் திருப்புத்திறன்:

30 × 20 = 600

மொத்த ஈர்ப்பு மையம் முன்காலிலிருந்து 30 செ.மீ. உள்ளே இருந்தால், கவிழாமல் தடுக்கும் திருப்புத்திறன்:

35 × 30 = 1050

பெட்டி நிற்கும். திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று தொலைக்காட்சியை முன்னே தள்ளி, பின்பக்கப் பலகையையும் மெல்லியதாக்கி, ஈர்ப்பு மையம் முன்காலிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்ளுங்கள்:

35 × 15 = 525

525ஐவிட 600 பெரிது. பெட்டி சிறுவன்மேல் கவிழும். படக்குழாயும் அவனோடு விழும்.

பரிகாரம் எளிது. பெட்டியின் அடித்தட்டில் பின்பக்கமாக, முன்காலிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் 3 கிலோ எடையுள்ள செங்கற்கள் ஆறு அடுக்குங்கள். கூடுதலாகக் கிடைக்கும் திருப்புத்திறன் 18 × 55 = 990. இப்போது தடுக்கும் பக்கம் 1515 ஆகிவிட்டது. அதோடு, பெட்டியின் மேல்பகுதியை எல் வடிவ இரும்புத் தகட்டால் சுவரோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

சாய்வும் முட்டுக்கட்டையும்

நின்று ஆடுபவரின் கண் திரையின் நடுவைவிட உயரத்தில் இருக்கும். பார்வைக்கோடு திரைக்குச் செங்குத்தாக விழ வேண்டுமானால் திரை சற்றே பின்னால் சாய வேண்டும். கண் 20 செ.மீ. உயரத்திலும் 75 செ.மீ. தூரத்திலும் இருந்தால் 20ஐ 75ஆல் வகுக்க 0.27 வருகிறது. டேன்ஜென்ட் அட்டவணையில் இது 15 பாகைக்கு உரியது. ஆகவே தட்டைப் பின்பக்கமாக 15 பாகை சாய்த்து அமைக்கலாம்.

சாய்தளத்தில் வைத்த பொருள் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். 15 பாகையின் சைன் மதிப்பு 0.26. எனவே 10 கிலோ தொலைக்காட்சி, சரிவின் திசையில் 2.6 கிலோ எடையளவு விசையுடன் பின்னோக்கி வழுக்க முயலும். உராய்வுக் கெழு 0.27க்குக் குறைந்தால் அது வழுக்கியே விடும். வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகமும், பொத்தான்களைத் தட்டும் அதிர்வும் சேர்ந்தால் உராய்வை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே, தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல, தொலைக்காட்சியின் பின்னால் தட்டின் குறுக்கே ஒரு கட்டையைத் திருகிப் பொருத்துங்கள். உறையின் கூம்பிய பகுதியில் முட்டாமல், அடிப்பாகத்தின் விளிம்பில் முட்ட வேண்டும். இருபுறமும் ஒவ்வொரு கட்டை. முன்னால் ஒரு தாழ்ந்த கட்டை. இவற்றின்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் அதிர்வும் குறையும். கடைசியாக, பயணப் பெட்டியைக் கட்டும் அகன்ற நாடாவைத் தொலைக்காட்சியின் மேலாகக் கொண்டுவந்து தட்டோடு இறுக்குங்கள். நாடா காற்றுத் துளைகளை மூடக் கூடாது. எக்காரணம் கொண்டும் உறையில் துளையிட்டுத் திருகாணி போடாதீர்கள். அரை அங்குலம் கூடுதலாக இறங்கிய திருகாணி எதைத் தொடும் என்று வெளியிலிருந்து தெரியாது.

தொலைக்காட்சியின் உறையை மறைக்க முகப்புப் பலகை ஒன்று போதும். திரை அளவுக்கு அட்டையில் வெட்டிப் பார்த்துச் சரிசெய்து, பிறகு பலகையை அறுக்கவும். பலகைக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் திரை மட்டும் தனியே மிதப்பதுபோல் தோன்றும்.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978), 'பேக்-மேன்' (1980) முதலிய புகழ்பெற்ற ஆட்டங்களில் திரை உயரவாக்கில் இருந்தது. அதைப் பார்த்து நம் தொலைக்காட்சியைப் பக்கவாட்டில் படுக்க வைக்க ஆசை வரலாம். வேண்டாம். அந்த உறை பக்கவாட்டில் எடை தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. காற்றுத் துளைகளும் இடம் மாறிவிடும்.

பூமியும் ஒரு காந்தம்

பெட்டியை அறையில் எந்தத் திசை நோக்கி நிறுத்துவது? வாஸ்து பார்க்கச் சொல்லவில்லை. இயற்பியலே கேட்கும் கேள்வி இது.

எலக்ட்ரான் கற்றை காந்தப்புலத்தில் வளையும். பூமியின் காந்தப்புலத்துக்கும் இது பொருந்தும். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகே செல்வதால், திருவண்ணாமலையில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைகிறது. அதன் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 20,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் இப்புலத்தில் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளையும். கழுத்திலிருந்து திரை வரை 25 செ.மீ. என்றால், விலகல் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும்.

இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிர்கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நெருங்கி அமைந்துள்ளன. சிவப்புக்குரிய கற்றை சற்று விலகினால் பச்சையைத் தொட்டுவிடும். குழாயைச் சுற்றியுள்ள இரும்புக் கவசம் இவ்விளைவை வெகுவாகக் குறைக்கிறது. ஆயினும் குழாயினுள் உள்ள எஃகுத் துளைத்தகடும் கவசமும் தாமே காந்தமேறிக்கொண்டால் திரையின் மூலைகளில் வண்ணத் திட்டுகள் தோன்றும்.

இதை நீக்கத் தொலைக்காட்சியிலேயே ஒரு வழி உண்டு. திரையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பெட்டியைப் போட்டவுடன் 'டும்' என்று ஓர் ஒலி கேட்குமே, அப்போது அச்சுருளில் வலிமையான மாறு மின்னோட்டம் பாய்ந்து படிப்படியாகக் குறைந்து மறைகிறது. காந்தத்தை இருபுறமும் புரட்டிப் புரட்டி, புரட்டலைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் காந்தம் நீங்கிவிடும் என்பது தத்துவம். மின்னோட்டத்தைக் குறைப்பது, சூடேறினால் தடை மிகும் ஒரு சிறு மின்தடை. அது ஆறினால்தான் மறுமுறை வேலை செய்யும். ஆகவே பெட்டியை இறுதியாக நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் மின்சாரமின்றி ஆறவிட்டு, பிறகு போடுங்கள். போட்ட பின் பெட்டியைத் திருப்பாதீர்கள். பெட்டியைக் கோயிலின் ராஜகோபுரம் போலக் கிழக்கு நோக்கி வைத்தாலும் சரி, வடக்கு நோக்கி வைத்தாலும் சரி, அந்தத் திசைக்கு ஏற்பக் குழாய் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஒலிபெருக்கியை மறக்க வேண்டாம். அதன் பின்னால் இருப்பது வலிய காந்தம். அதைத் திரையருகே பொருத்தினால் வண்ணம் கெடும். தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியே போதும். முகப்புப் பலகையில் அதற்கு நேராகச் சில துளைகள் இட்டால் ஒலி வெளியே வரும்.

காற்றுக்கு வழி

14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஏறத்தாழ 60 வாட் திறனை எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் வெப்பமாகவே முடிகிறது. ஒரு 60 வாட் குண்டு பல்பை மூடிய மரப்பெட்டிக்குள் மணிக்கணக்கில் எரியவிட்டது போன்ற நிலைமை. சித்திரை வெயிலில் அறையே 35 பாகைக்கு மேல் இருக்கும் ஊரில் இது சிறிய செய்தியன்று.

சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழும். எனவே பெட்டியின் பின்பலகையில் அடியில் ஒரு வரிசைத் துளைகளும், உச்சியில் ஒரு வரிசைத் துளைகளும் இடுங்கள். அடியில் குளிர்காற்று நுழைய, மேலே சூடான காற்று வெளியேறும். அடுப்பங்கரைப் புகைபோக்கியின் தத்துவமே இது. தொலைக்காட்சி உறையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. தொலைக்காட்சி வைக்கும் தட்டிலும் துளைகள் வேண்டும். தட்டே காற்றை மறிக்கக் கூடாது.

சைகையைக் கொடுப்பது

படம் எங்கிருந்து வரும்? கடைகளில் 'டிவி கேம்' என்று விற்கும் சிறு கருவியோ, படச் சைகை தரவல்ல ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியோ போதும். தொலைக்காட்சியில் மஞ்சள் நிற ஏ.வி. துளை இருந்தால் அதில் நேராகச் சொருகலாம். இங்கே செல்லும் சைகையின் மொத்த அளவு 1 வோல்ட்தான். அதில் 0.3 வோல்ட், 'வரி முடிந்தது, அடுத்த வரியைத் தொடங்கு' என்று கற்றைக்குச் சொல்லும் ஒத்திசைவுக் குறி. மீதி 0.7 வோல்ட் படத்தின் வெளிச்சம். ஏ.வி. துளை இல்லாவிட்டால், சைகையை அலைவரிசையில் ஏற்றித் தரும் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவியை வாங்கி ஆன்டெனாத் துளையில் இணைக்கலாம்.

பழைய திரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சைகை வந்த கணமே கற்றை அதை வரைந்துவிடும். பெரும்பாலான தட்டைத் திரைகள் படத்தை நினைவகத்தில் வாங்கி, ஒழுங்கு செய்து, பிறகே காட்டுகின்றன. டிவி கேமுடன் வரும் ஒளித்துப்பாக்கி பழைய திரையில் மட்டும் வேலை செய்வதன் காரணமும் இதுவே. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாகிறது. துப்பாக்கியின் குழலில் உள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைக் குறித்த கணத்தில் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். தட்டைத் திரையில் அந்தக் கணம் தாமதமாகிவிடுவதால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பொத்தான்களுக்கு ஒரே விதி: கை படும் இடத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வரக் கூடாது. பொத்தான்களின் கம்பிகள் விளையாட்டுக் கருவிக்கு மட்டுமே செல்ல வேண்டும். 230 வோல்ட் கம்பி பெட்டியின் பின்பக்கமாகவே வந்து, பின்பக்கமாகவே போகட்டும். இரண்டும் ஒரே துளை வழியாகச் செல்லக் கூடாது. தொலைக்காட்சிக்கும் விளையாட்டுக் கருவிக்கும் சேர்த்து ஃபியூஸ் உள்ள ஒரே சுவிட்சுப் பலகையை வைத்து, அதன் சுவிட்சு வெளியிலிருந்து எட்டும்படி அமையுங்கள். ஆபத்து வேளையில் அணைக்க மரப்பெட்டியைத் திறக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

குழாய் ஓய்ந்தபின்

எந்தப் படக்குழாயும் என்றாவது மங்கிப்போகும். அப்போது அதைக் குப்பைமேட்டில் எறியலாகாது. எலக்ட்ரான்கள் மோதும்போது தோன்றும் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதற்காகக் குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். உடைத்துத் தெருவோரம் போட்டால் அந்த ஈயம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். கம்பிச் சுருளில் உள்ள செம்புக்காகச் சம்மட்டியால் குழாயை உடைப்பவர்கள் உண்டு. கிடைக்கும் செம்புக்குப் பணம் உண்டு. சிதறும் கண்ணாடிக்கும் ஈயத் தூசிக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. இந்தியாவில் மின்னணுக் கழிவுகளுக்கான 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் குழாய் முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

அதுவரை, பரணில் தூசி படிந்து கிடக்கும் பெட்டி உங்கள் பள்ளியில் இன்னும் பல ஆண்டு பாடம் நடத்தலாம். திருப்புத்திறன், சாய்தளம், உராய்வு, மின்தேக்கி, காந்தவிசை, வெப்பச் சலனம் ஆகிய அனைத்தும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. வேலை தொடங்கும்போது ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும்.

சிந்திக்க மூன்று வினாக்கள்

1. தொலைக்காட்சியின் எடை 12 கிலோ, தட்டின் சாய்வு 20 பாகை (சைன் மதிப்பு 0.34). பின்புற முட்டுக்கட்டை தாங்க வேண்டிய விசை எவ்வளவு? உராய்வைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

2. திருவண்ணாமலையில் திரை கிழக்கு நோக்கி இருந்தால், பூமியின் காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையை மேல்நோக்கி விலக்குமா, கீழ்நோக்கி விலக்குமா? ஃபிளெமிங்கின் இடக்கை விதியைப் பயன்படுத்துங்கள். மின்னோட்டத்தின் திசை எலக்ட்ரான் செல்லும் திசைக்கு எதிரானது என்பதை மறவாதீர்கள்.

3. ஒரு மின்தேக்கியின் மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தால் அதில் தேங்கிய ஆற்றலும் பாதியாகுமா?

விடைகள்: 1. ஏறத்தாழ 4.1 கிலோ எடையளவு விசை. 2. கீழ்நோக்கி. 3. இல்லை, நான்கில் ஒரு பங்காகும்.